பிளக்கைப் பிடுங்கினவன் எழுதுவது

ரவுட்டர் ராணிக்கு,

நீ அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல. நேத்து நீ போட்ட சத்தத்துல எனக்கு இன்னும் காது அடைச்சிருக்கு. உனக்குத் தொண்டை கட்டியிருக்கும், பிளாஸ்க்ல வெந்நீர் வெச்சிருக்கேன். சாப்பாடு அடுப்பு மேடைல மூடியிருக்கு. நம்ம சின்னவளை அவ அத்தை வீட்டுல விட்டுடறேன். வீடு பூரா உனக்குத்தான், நிம்மதியா ரவுட்டரை எல்லாம் மாட்டிப் பரீட்சைக்கு லேப் போட்டுப் பழகு.

கீழ் வீட்டுக்காரர் வைஃபை வரலைன்னு வந்து நிப்பார். நீ எழுதப் போற நெட்வொர்க் பரீட்சைன்னா வைஃபை ரிப்பேர்தான்னு அவர் நினைப்பு. கதவைத் திறக்காத, நான் வந்து சமாளிச்சுக்கறேன்.

நேத்து விஷயம். இஸ்திரிப் பெட்டிக்கு இடம் வேணும்னு ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். உன் ஆறு ரவுட்டரும் அதுலதான் தொங்குதுன்னு எனக்கு என்ன தெரியும்? காலைலேர்ந்து அதுல நீ சேவ் பண்ணாம செஞ்ச வேலை பூரா போச்சு. தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன், அடிக்க வராத. போன தடவை நீ பரீட்சைல கோட்டை விட்டதும் சேவ் பண்ணாமதானே? ரவுட்டரை எல்லாம் ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பார்த்துதான் மார்க் போடுறாங்கன்னு நீயே புலம்பின.

அதனால வெள்ளிக்கிழமை பரீட்சை வரைக்கும் தினமும் சொல்லாம கொள்ளாம வந்து பிடுங்கப் போறேன். எவ்வளவு வேணா திட்டு, வாங்கிக்கறேன். இந்தத் தடவை நீ பாஸ் பண்ணணும்.

இப்படிக்கு,
பிடுங்கினவன்

பின்குறிப்பு: இன்னிக்கு ஆபீஸ்ல அரை நாள்தான். எத்தனை மணிக்கு வருவேன்னு சொல்ல மாட்டேன். சாவி என்கிட்ட இருக்கு, செருப்பை வாசல்லயே கழட்டிடுவேன். சேவ் பண்ணிக்கோ.