பேச்சை எழுதிக் காட்டும் போன்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். எண்ணூர்ப் பக்கக் காற்று, எண்ணெய் வாடையோடு. மழை இல்லை.

பதினொரு மணிக்குக் கல்லூரியிலிருந்து கவிதா என்ற பெண் வந்தாள். (இனி க.) காது கேளாதவர்களுக்கான ஆராய்ச்சியாம். எதிரில் இருப்பவர் பேசினால் போனில் எழுத்தாக வரும். அந்தப் போன் ஆறு வாரம் என்னிடம் இருக்கும். கூடவே ஒரு நோட்டு. தினமும் எத்தனை தடவை உதவியது, எங்கே தவறியது என்று அதில் குறிக்க வேண்டும். அது அவர்களுக்கு. இந்த டைரி எனக்கு.

அவள் எழுதிக் காட்டிக் கேட்டாள், நான் சொன்னேன். பெயர் ஆக்னஸ். வயது 44. காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் சீட்டு எழுதும் வேலை. காது போனது ஆறு வருடம் முன்பு, காசநோய்க்குப் போட்ட ஊசியில். நோய் போனது, கேட்பதும் போனது. காது மெஷின் வைத்துப் பார்த்தேன். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

வீட்டில்: கணவர் லூர்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மகள் ஜெனி, 22, நர்சிங் முடித்துப் பக்கத்துத் தெரு கிளினிக்கில் வேலை.

வெளியே போனால் யார் துணை? ஜெனி. ஆஸ்பத்திரி, பேங்க், ரேஷன் கடை? ஜெனி, ஜெனி, ஜெனி. க. அதன் கீழே கோடு போட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

போனைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடும்போது வெறும் திரை. மெஷின் நின்றதும் ஒரு வேன் டிரைவர் பேசினான். திரையில் வந்தது இது: "அண்ணா அக்கா ரெண்டு பார் ஆயுசு போடு வண்டி நின்று கணு கீதை."

வாயசைவை வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது: "இன்னாக்கா, ரெண்டு பார் ஐஸு போடு, வண்டி நின்னுகினு கீது."

இரண்டு பார் ஆயுசு. சீட்டில் ஐஸ் என்றே எழுதினேன். வழக்கம்போல் அவன் இரண்டு விரலையும் காட்டியிருந்தான்.

ஜூலை 10, வியாழன்

தவறுகள், அவர்கள் நோட்டுக்கு:
இன்னா = அண்ணா
கீது = கீதை
வூட்டுக்கு = ஊட்டிக்கு

கடைசியது லூர்து சொன்னது. டியூட்டி முடிந்து நேரே வூட்டுக்கு வந்தேன் என்றார். ஊட்டிக்கு வந்தாராம். ஜெனி குனிந்து சிரித்தாள். அவள் குலுங்குவதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் போனை மடியில் வைத்துக்கொண்டேன். சாமியார் புத்தகத் தமிழில் நிறுத்திப் பேசுகிறவர். ஒரு சொல் தவறவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு முழுப் பிரசங்கம். இவ்வளவு நீளமாகவா இருந்தது.

மத்தியானம் இறால். கொஞ்சம் தலைவலி. பி.பி. மாத்திரை இன்னும் பத்து நாளுக்கு.

ஜூலை 16, புதன்

நோட்டைப் பார்த்துவிட்டு க. கம்பெனிக்கே வந்தாள். பேச்சை எழுத்தாக்கும் செயலிக்கு டி.வி. செய்திப் பேச்சுதான் அதிகம் கொடுத்திருக்கிறார்களாம், இந்தப் பக்கத்துப் பேச்சு போதவில்லையாம். விருப்பமுள்ளவர்கள் பேசினால் பதிவு செய்துகொள்வாள். தினமும் ஐஸ் வாங்க வரும் மீன்காரி தேவகியிடம் நான்தான் கேட்டேன். தேவகி க.வை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொன்னதை க. எழுதிக் காட்டினாள்:

"இத்தினி நாளா எங்க பேச்ச வச்சு நக்கல் பண்ணிக்கினு இருந்தாங்கோ. இப்ப மிசினுக்குக் கத்துக்குடுக்கணுமா? குடுக்கிறேன் குந்து."

அரைமணி நேரம் பேசினாள். க. சிரித்துச் சிரித்து எழுதாமல் விட்டுவிட்டாள். எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை. பாதிக்கு மேல் கெட்ட வார்த்தை என்று மட்டும் தேவகியின் வாயிலிருந்து புரிந்தது.

ஜூலை 19, சனி

நாலு மணிக்குத் தண்ணீர் லாரி. நான் குடங்களோடு கீழே. இரண்டு நடை. சமையலறைப் பலகையில் போன் சார்ஜில் இருந்தது, செயலியை நிறுத்த மறந்துவிட்டேன். லூர்தும் ஜெனியும் அங்கேதான் நின்று டீ குடித்தார்கள்.

ஆறு மணிக்கு அவர்கள் நோட்டுக்குக் கணக்கு எடுக்கத் திறந்தேன். எழுத்து இருந்தது. யார் எதைச் சொன்னது என்று அது பிரிப்பதில்லை. நான் பிரித்து, பிழை திருத்திப் படித்தது:

ஜெனி: "வேணாம்னு எழுதி அனுப்பிட்டேன்பா. நான் கோயமுத்தூர் பூட்டா அம்மாவ யாரு பாத்துக்குவாங்க? ஆஸ்பத்திரில இன்னா சொல்றாங்கன்னு யாரு கேட்டுச் சொல்றது?"

லூர்து: "பெரிய ஆஸ்பத்திரி வேலடி. நீ வேணாம்னது அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒத்துக்க மாட்டா."

ஜெனி: "தெரிய வாணாம். அவங்களுக்கு எங்க கேக்கப்போவுது."

கடைசி வரியை நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. போன் சரியாக எழுதியிருந்தது.

இரவு இட்லி.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. துணி ஊறவைத்தேன்.

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அவர்கள் என் எதிரிலேயே எப்போதும் முழுக் குரலில் பேசியிருக்க வேண்டும். தாழ்த்த அவசியம் இல்லையே.

எனக்குத் துணை வரத் தொடங்கியபோது அவளுக்கு வயது பதினாறு. பள்ளிக்கூட யூனிபார்மோடு டாக்டர் அறையில் என் பக்கத்தில் உட்காருவாள். உனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பதிவுகளை அழிக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். இதை அழித்தேன். வீட்டு விஷயம் ஒன்றை எடுத்துவிட்டேன் என்று க.வுக்குச் செய்தி அனுப்பினேன். அது உங்கள் உரிமைதான் அக்கா, நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் நாலாவது பக்கத்தில் இருக்கிறது என்று பதில். நாலாவது பக்கம் வரை நான் படிக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

லீவு. வீட்டில் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோவில் தனியாக ஆஸ்பத்திரி.

டோக்கன் 61. எண்ணை வாயால் கூப்பிடுகிறார்கள். கூட்ட இரைச்சலில் போன் காட்டியது "அம்மா நகருங்க", "அம்மா நகருங்க", இதுவே பத்து வரி. எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. பக்கத்தில் குழந்தையோடு இருந்த பெண்ணிடம் சொன்னேன்: எனக்குக் காது கேட்காது, அறுபத்தொன்று கூப்பிட்டால் கொஞ்சம் தொடுங்கள். இதை முன்பின் தெரியாத ஆளிடம் நான் சொன்னது இதுவே முதல் தடவை. எப்போதும் ஜெனி சொல்லிவிடுவாள். அந்தப் பெண் தலையாட்டினாள். முக்கால் மணி கழித்துத் தொட்டாள்.

டாக்டர் முதலில் என் பின்னால் பார்த்தார். கூட யாரும் வரவில்லையா என்று போனில் வந்தது. வரவில்லை என்றேன். போனை மேஜையில் வைத்து, மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். மெதுவாகச் சொன்னார். பி.பி. ஏறியிருக்கிறது, மாத்திரை மாற்றுகிறேன், "அப்பாவைக் குறைக்கணும்" என்று வந்தது. திரையை அவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதினார்: உப்பு.

காலையிலா இரவிலா, சாப்பிட்ட பிறகா முன்பா, தலைசுற்றல் வருமா. எல்லாம் நானே கேட்டேன். இத்தனை வருடமும் அவரும் ஜெனியும் பேசுவார்கள், நான் சுவரில் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெளியே வந்தேன். ஒரு மோர் குடித்தேன், உப்புப் போட்டதுதான்.

ஜூலை 23, புதன்

சாப்பிட்ட பிறகு மருந்துச் சீட்டை மேஜையில் வைத்தேன். ஜெனி பார்த்தாள். யார் கூட்டிக்கொண்டு போனது என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். போனை நடுவில் வைத்துச் சனிக்கிழமை படித்ததையும் சொன்னேன்.

ஜெனி போனைப் பார்த்துக் குனிந்தாள். பிறகு திரையில்: "ஒட்டுக் கேட்டியாம்மா?"

லூர்துதான் முதலில் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆறு வருடமாகச் செவிடாக இருப்பவள் மேல் இந்தப் புகார். ஜெனி சிரிக்கவில்லை. அழுதாள். அழுகையோடு வேகமாகப் பேசினாள், போனுக்குப் பாதிதான் எட்டியது. டோக்கன் தவறியிருந்தால்? மருந்து மாறியிருந்தால்? ஒரு மாதத்தில் இந்தப் போனையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களே, அப்புறம்?

அவள் சொல்வது நியாயம். பேனா இருக்கிறது, வாய் இருக்கிறது, பக்கத்தில் யாராவது இருப்பார்கள் என்றேன். பிறகு சொன்னேன்:

"ஆறு வருசம் எனக்காக நீ கேட்ட. போதும் ஜெனி. நீ படிச்சது அதுக்கில்ல."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. எதிர்வீட்டு ஜன்னலில் தலை தெரிந்தது.

ஜெனி எழுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். லூர்து பாத்திரம் கழுவினார். அவர் கழுவியதில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, நான் மறுபடி கழுவினேன்.

ஜூலை 24, வியாழன்

காலையில் ஜெனி சீக்கிரமே கிளம்பினாள். மதியச் சாப்பாட்டை மட்டும் கட்டி வைத்துவிட்டுப் போனாள். குழம்பில் உப்பே இல்லை.

க.விடம் கேட்டேன், ஆறு வாரம் முடிந்தால் என்ன என்று. எல்லோரும் இதையே கேட்கிறார்கள், மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன், தெரியவில்லை அக்கா என்றாள். தெரியவில்லை என்று சொன்னதற்காக அவளைப் பிடித்தது.

ஜூலை 25, வெள்ளி

விடியற்காலை தூறல். ஐஸ் விற்பனை மந்தம்.

சாயங்காலம் ஜெனி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். செயலியைத் தானே திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு தன் போனில் யாரையோ கூப்பிட்டாள். அவள் பக்கப் பேச்சு மட்டும் எனக்கு வந்தது.

"வணக்கம் சார், ஜெனிஃபர் பேசறேன். போன வாரம் வேலைக்கு வரலன்னு மெயில் போட்டேன்."

"ஆமா சார்."

"இல்ல சார், வீட்ல ஒரு காரணம். இப்ப இல்ல."

அந்தப் பக்கம் நீளமாகப் பேசினார்கள் போல. அவள் கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வேற வார்டா? பரவால்ல சார்."

"நைட் டியூட்டியும் பாப்பேன் சார்."

"ஒண்ணாம் தேதியா? சரி சார்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். ஒன்றாம் தேதி அடுத்த வெள்ளி. இடையில் ஒரு ஞாயிறுதான். பெரிய பெட்டிக்கு ஜிப் மாற்ற வேண்டும்.