டார்லீனுக்குப் பிடிபடாத குஞ்சு

அன்புள்ள கணவருக்கு,

காப்பிக் கோப்பைக்கு அடியில் இதை வைத்துவிட்டுத் தீவனம் வாங்கப் போகிறேன்.

பக்கத்துப் பண்ணை டார்லீன் எந்தக் கோழிக்குஞ்சைப் பார்த்தாலும் என்ன இனம், சேவலா பெட்டையா என்று அந்த நொடியே சொல்லிவிடுவாள். இந்த அயோவா மாநிலத்திலேயே அவளைவிடக் கெட்டிக்காரி கிடையாது. நம் வரிக்கோழிக் குஞ்சை மட்டும் சனிக்கிழமைதோறும் பார்த்துவிட்டு, "இன்னும் சரியாத் தெரியலையே, அடுத்த வாரமும் கொண்டு வாங்களேன்" என்றாளாம். நீங்களும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கூடையோடு கிளம்பினீர்கள்.

வரிக்கோழிக் குஞ்சுக்குத் தலையில் அவ்வளவு பெரிய வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல்தான் என்று அன்றே சொன்னேன். "உனக்கென்னடி தெரியும், அவ சொல்லட்டும்" என்றீர்கள்.

இன்று காலை அது வேலியில் ஏறிக் கூவியது.

வரும் சனிக்கிழமை கூடையில் எதைக் கொண்டுபோகிறீர்கள் என்று நானும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வீட்டுக்காரி