பூங்காவில் மாப்பிள்ளை பார்த்த கதை

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

கடவுள் கருணையால் இங்கே எல்லோரும் சுகம். நேற்று பூங்காவுக்குப் போனவர்கள்: நான், உன் அப்பா, உன் சித்தப்பா, கீழ்வீட்டுத் தையல்காரி. நீ கட்டிக்கொள்ள நினைக்கும் சிற்பியின் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றாய். பார்த்துவிட்டோம்.

மூன்று மாடி உயரத்துக்கு ஓர் இரும்பு. நடுவில் ஓட்டை. பெயர் ‘காத்திருப்பு’. யாருக்காகக் காத்திருக்கிறது, பழைய இரும்புக்காரனுக்கா? சித்தப்பா சுற்றிச் சுற்றி வந்து, “அண்ணி, இதுக்கு முன்பக்கம் எது?” என்றார். தையல்காரி, “வெட்டிப் போட்ட மிச்சத் துணி மாதிரி இருக்கு” என்றாள். உன் அப்பா அதன் நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதனால் விளைந்த பயன் அவ்வளவுதான்.

ஏணியில் ஒருவன் காய்ந்த பறவை எச்சத்தை வறட்டுத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, கண்றாவி இரும்புதான், ஆனாலும் ஈரத்துணியப் போட்டு முதல்ல ஊறவிடு. அப்புறம் தொடை” என்றேன். அப்படியே செய்தான். “இதைச் செஞ்சவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்று அவனிடமே கேட்டேன். “எனக்கும் அதே கவலைதாம்மா” என்றான். துடைக்கிறவனுக்குத் தெரிகிறது, படித்த உனக்குத் தெரியவில்லை.

என் பதில், வேண்டாம்.

அம்மா

மார்ச் 9

அம்மா,

ஏணியில் நின்றவர்தான் அவர். தன் வேலையைத் தானேதான் துடைப்பார். “கறை போயிடுச்சு, உங்கம்மாகிட்ட சொல்லு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி பதிவுத் திருமணம். நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

மகள்

மார்ச் 14

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த இரும்பை நான் மெச்சவில்லை, மெச்சப்போவதும் இல்லை. கடவுள் கொடுத்த வெட்டவெளியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் தன் வேலையைத் தூற்றுகிறவள் சொன்னதையும் காதில் வாங்கித் துணியை நனைத்தானே, அதுதான் மனதில் கிடந்து உறுத்துகிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி இந்த வீட்டில் எவர் எதைக் கேட்டீர்கள்?

அதற்காக அவனைச் சும்மா விடுவேன் என்று நினைக்காதே. தான் யாரென்று சொல்லாமல் என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்ததற்கு அவன் நேரில் பதில் சொல்லவேண்டும். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூட்டி வா. தன் கையால் செய்தது என்று எதையும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல். வீட்டில் இடமில்லை.

எந்த ஞாயிறு என்று சீக்கிரம் எழுது.

அம்மா