கை காட்டி நிறுத்தியவர்

அன்புள்ள எர்வினுக்கு,

டெட்ராய்டின் புது நெடுஞ்சாலையைத் திறந்துவிட்டார்கள். கறுப்பர்கள் வாழ்ந்த நம் தெருவை இடித்துச் சாலை போட மேப்பில் கோடு கிழித்த அந்தப் பெரிய மனிதர்தான் முதல் காரை ஓட்டினார். பள்ளிப் பிள்ளைகள் கடப்பதற்காக நீங்கள் தினமும் வண்டிகளை மறித்த இடத்தில் கார் சடாரென்று நின்றது.

முகம் வெளுத்து இறங்கினார். "யாருய்யா அந்தக் கறுப்புக் கிழவன்? கையக் காட்டி நிறுத்துறான்!"

"அங்க யாருமே இல்லீங்களே சார்," என்றார் போலீஸ்காரர்.

அன்றிலிருந்து, பள்ளி விடும் நேரமானால் எல்லா வண்டிகளும் அங்கே நின்றுதான் போகின்றன.

"உங்க வீட்டுக்காரரு இன்னும் வேலைய விடலியாக்கா?" என்று நம் பழைய பக்கத்து வீட்டு வெர்னெல் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கடிதத்தை உங்கள் கல்லறையில் வைக்கவில்லை. சாலையோரத்தில் வைக்கிறேன்.

போதும், போய்ப் படுங்கள். பள்ளிக்கூடத்தையும் இடித்துவிட்டார்கள். கடப்பதற்குப் பிள்ளைகள் யாரும் இல்லை.

உங்கள் மனைவி