வெண்ணிலாவுக்கு இல்லை

ஆகஸ்ட் 12, 2008, செவ்வாய்
நாகலாபுரம்

இன்று திருப்பதி ஆஸ்பத்திரியில் வெண்ணிலாவுக்குக் கடைசி ரத்தப் பரிசோதனை. ஒன்றரை வயதில் செய்யும் இதில்தான் முடிவு உறுதியாகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். எனக்கும் வீட்டுக்காரருக்கும் எச்ஐவி இருப்பது அவள் வயிற்றில் இருந்தபோதுதான் தெரிந்தது. எனக்கு மாத்திரை, பிறந்ததும் அவளுக்குச் சொட்டு மருந்து, பிறகு தினமும் சிரப். இந்த ஊரை விட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பிறகும் ஒரு தடவைகூட விடாமல் பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

"இந்த ஒருவாட்டி உட்டுடு கலா. மேஸ்திரி லீவு தரமாட்டான்" என்றார் அவர். அவர் பயந்தது மேஸ்திரிக்கு அல்ல, ரிசல்ட்டுக்கு என்று எனக்குத் தெரியும். நான் மட்டும் குழந்தையோடு கிளம்பி வந்தேன்.

கவுன்சிலர் அக்கா தெலுங்கில் சொன்னார். "தமிழ்ல இன்னொருவாட்டி சொல்லுக்கா" என்றேன்.

"பாப்பாவுக்கு இல்லம்மா. நெகட்டிவ். நீ ஜெயிச்சிட்ட."

முதலில் சிரித்தேன். அழுகை பிறகுதான் வந்தது. "உன் மாத்திரைய மட்டும் உட்டுடாத" என்றார் அக்கா. விடமாட்டேன். இவளை நான்தானே வளர்க்க வேண்டும்.

வெளியே பூத்திலிருந்து வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். கலவை மெஷின் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. "இல்லைய்யா, அவளுக்கு இல்ல" என்று கத்தினேன். பூத்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

வேலையிடத்தில் வாயே திறக்காதவர் யாரையோ அதட்டினார்: "மெஷின நிறுத்துங்கடா. எம்பொண்ணு பேசப் போறா."

இரைச்சல் நின்றது. வெண்ணிலா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நைனா" என்றாள்.