பொலிசில் சாயம் தோய்த்த நாள்

2008 மார்ச் 4, செவ்வாய்
தம்புள்ளையில் ஒரு பத்திக் பட்டறையை மூடுகிறார்களாம். எங்கள் சாயத் தொழிலுக்கு மிச்சச் சாமான்களை வாங்கி வர என் வீட்டுக்காரர் ரபாயேல் காலையிலேயே போனார். பின்னேர பஸ்ஸில் வருவேன் என்றார். இருட்டிவிட்டது. போன் எடுக்கவில்லை.

மார்ச் 5
அதே பஸ்ஸில் வந்த மரக்கறிக்காரி கிருஷ்ணம்மா விடிந்ததும் ஓடி வந்தாள். "நாலந்தா பக்கம் சோதனைச் சாவடியில அண்ணன எறக்கிட்டாங்க அக்கா. பையில இருந்த வெள்ளப் பவுடர குண்டு மருந்துன்னுட்டாங்க."
அது ஹைட்ரோஸ். நீலச் சாயத்தைக் கரைக்கப் போடுவது. யாரிடம் போய்ச் சொல்வேன்?

மார்ச் 6
பொலிசுக்குப் போனேன். உள்ளே விடவில்லை.

மார்ச் 7
இன்று விட்டார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன் — நீலம் வெறும் தண்ணீரில் கரையாது, இந்தப் பவுடரும் சோடாவும் சேர்ந்தால்தான் கரையும், அப்போதுதான் பருத்தி நூல் அதை உள்ளே இழுக்கும்.
"சொன்னது போதும். செஞ்சு காட்டு."
முற்றத்தில் வாளியும் சுடுதண்ணீரும் வைத்தார்கள். துவக்கைத் தோளில் மாட்டிய பொலிஸ்காரர் இருவர் நின்றார்கள். ரபாயேலின் பையில் பிடித்த சாமான்களையே கலக்கி, தண்ணீர் மஞ்சளாகும்வரை காத்திருந்தேன். நான் கொண்டுபோன துணி வேண்டாமாம். இன்ஸ்பெக்டர் தன் மேசை விரிப்பை நீட்டினார். தொட்டதுமே தெரிந்தது, பொலியெஸ்டர்.
"இதுல புடிக்காது சேர்."
"போடு."
போட்டேன். அலசியதும் எல்லாம் கழன்று போயிற்று. துவக்குக்காரன் ஒருவன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நானே ரபாயேலை மாட்டிவிட்டேனா?
ஜமால்தீன் என்ற பொலிஸ்காரர் மெல்லத் தமிழில் கேட்டார்: "என்ன துணி வேணும் உங்களுக்கு?"
"காயத்துக்குக் கட்டுவாங்களே, அது இருக்குங்களா? அது பருத்தி."
முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். இன்ஸ்பெக்டரையே முக்கச் சொன்னேன். வெளியே எடுத்தபோது மஞ்சளும் பச்சையுமாக இருந்தது.
"நீலம்னு சொன்ன?"
"காத்துப் படட்டும் சேர்."
ஓரத்திலிருந்து நீலம் பரவியது. அவரே அலசினார், நகத்தால் சுரண்டினார். போகவில்லை.
"சாயக்காரிதான். ஆனா கொழும்புல சோதிக்கணும். அதுவரைக்கும் அவன் இங்கதான்."
ரபாயேலைப் பார்க்கவும் விடவில்லை.

மார்ச் 16
குருத்து ஞாயிறு. பூசையில் நான் இருந்த வாங்குப் பலகையில், பொலிசுக்குப் பயந்து, வேறு யாரும் உட்காரவில்லை.

ஏப்ரல் 2
விட்டுவிட்டார்கள். வெறும் சாயச் சாமான் என்று கொழும்பிலிருந்து பதில் வந்ததாம். ரபாயேல் மெலிந்துபோயிருக்கிறார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.
"அடிச்சாங்களா?"
"சோறு நல்லாருக்கு, டொறீன்" என்றார்.

ஏப்ரல் 9
ஹோட்டல் திரைச்சீலைகளுக்கு இன்று நீலம் போட்டோம். நான் தோய்க்க, அவர் பிழிந்தார். பழையபடி ஆகிவிடுவார் என்று நினைத்தேன். ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பட்டப்பகல். ஜீப்காரன் யட்டவத்தைக்கு வழி கேட்டுவிட்டுப் போனான்.
நான் கதவைத் தட்டவில்லை. மிச்சத்தை நானே பிழிந்து காயப்போட்டேன்.