மத்தியானத்தில் திறக்கிற ஜன்னல்

என் கண்ணுக்கு,

நீ, மாப்பிள்ளை, நம்ம வாண்டு மூணு பேரும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்கே நாங்களும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனா அதுல பாதிதான் நிஜம். லீவுக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடும்மா. போன்ல சொல்லலாம்னா உங்கம்மா காதைத் தீட்டிக்கிட்டு பக்கத்துலயே நிக்கறா. இப்பவும் அவ கண்ணசந்த நேரமாப் பார்த்துத்தான் எழுதறேன், எனக்கும் அலுப்புதான், கையெழுத்து கோணினா பொறுத்துக்கோ.

அம்மாவுக்கு கொஞ்ச நாளா மூச்சு வாங்குது. உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா, சொன்னா நீ பயந்துபோய் பயணத்தையே தள்ளிப்போட்டுடுவியாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல குடியிருந்தப்போகூட அவளுக்கு இப்படி வந்ததில்லை. புகையில கிடக்காதீங்கன்னு நீ சொல்லிச் சொல்லித்தானே ஊர்க்கோடியில இந்த வீட்டுக்கு வந்தோம். காத்து வாங்க வந்து இப்ப மருந்து வாங்கிட்டிருக்கோம். உன்மேல குத்தம் சொல்லலைம்மா, யாருக்குத் தெரியும்? பேரன் வரப்போறான்னு மாடி ரூமைக் கழுவிவிட்டு, புது பெட்ஷீட் விரிச்சு, ரூம் காத்தோட்டமா இருக்கட்டும்னு தினமும் மத்தியானம் ஜன்னலை அகலத் திறந்து வெச்சுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்து, உங்க நாட்டுக் குளிருக்குன்னு அவனுக்கு ஸ்வெட்டர் பின்னறா. சாயங்காலம் ஆனா இருமல் பிடிச்சுக்கும். காத்து பத்தலைபோலன்னு மறுநாள் இன்னொரு ஜன்னலையும் திறப்பா.

நெஞ்சு டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனேன். உன் வயசுதான் இருக்கும், அதட்டல் மட்டும் பலமா இருந்துச்சு. எப்ப ஜன்னலைத் திறப்பீங்கன்னு கேட்டுட்டு தலையில கை வெச்சுக்கிட்டாங்க. வண்டிங்க விடற புகையும் பெட்ரோல், பெயிண்ட் ஆவியும் வெயில்ல வெந்து ஓசோனா மாறுதாம். உச்சி வானத்துல இருந்து நம்மைக் காப்பாத்தற அதே ஓசோன்தான், மூக்குகிட்ட வந்தா நெஞ்சை அரிக்குமாம். மேகமில்லாம, காத்தும் அசையாம சூடு ஏற ஏற மத்தியானத்துக்கு மேல உச்சத்துக்குப் போயிடுமாம். ரோட்டோரத்துல புதுப்புகையே அதைக் கொஞ்சம் தின்னுடுது, மிச்சமெல்லாம் மெல்ல மிதந்து வந்து நம்மள மாதிரி ஊர்க்கோடியில சேருதாம். அப்ப பழைய வீட்டுக்கே போயிடலாமான்னு கேட்டேன், அங்கே வேற விஷம் இருக்கு, சும்மா இருங்கன்னுட்டாங்க. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவன் நான், எனக்குப் புகைன்னா கறுப்பா இருக்கணும், நாறணும். பளிச்சுன்னு இருக்கற நீல வானத்துல இருந்து கெடுதல் வருதுன்னா யார் நம்புவா? உங்கம்மா சுத்தமா நம்பலை. வெயில் தாழற வரைக்கும் மூடி வெச்சுட்டு காலையில திறந்துக்கலாம்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாச்சு. குழந்தை ரூம்ல புழுக்க வாடை அடிக்கும்னு சண்டைக்கு வரா. தினம் தினம் மல்லுக்கட்டி நான் ஓஞ்சே போயிட்டேன்.

வாண்டுக்கும் இழுப்பு உண்டே, அதான் என் பயமெல்லாம். அந்த வாலை மத்தியானம் பூரா வீட்டுக்குள்ள கட்டிப்போட முடியுமா சொல்லு. தயங்கித் தயங்கி அவனைப் பத்தியும் கேட்டேன், வெயில் மாசம் போகட்டும்னு மட்டும் சொன்னாங்க. அதனால இப்ப வராதேம்மா. இதை எழுத என் கை கூசுது, அவனை நான் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கினதில்லை. மழை பிடிச்சு காத்தைக் கழுவிவிட்டதும் வாங்க. நான் எழுதினேன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதே, லீவு கிடைக்கலைன்னு சொல்லு. அழுவா, உன்னைத் திட்டுவா, பொறுத்துக்கோ. நீங்க வரலைன்னு தெரிஞ்சாத்தான் அந்த ஜன்னலை மூடுவா.

மூணு பேரும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும். வாண்டுக்கு மருந்தை வேளை தப்பாம கொடு. போன்ல சொல்லும்போது சிரிச்சுக்கிட்டே சொல்லும்மா, உன் குரல் கொஞ்சம் மாறினாலும் அவ கண்டுபிடிச்சிடுவா.

எப்பவும் உன் நினைப்பா இருக்கிற
அப்பா